செய்கிறார்களா, சொல்கிறார்களா: நடத்தை மாற்றத் திட்டங்களை அளப்பது பற்றி

கழிப்பறைக்குப் போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவீர்களா என்று யாரைக் கேட்டாலும் "கழுவுவேன்" என்றுதான் பதில் வரும். கழுவாதவருக்கும் சரியான பதில் எது என்று தெரியும். திட்டத்தின் சுவரொட்டிகளும் வானொலி நாடகமும் ஊருக்குள் வந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். ஆக, நடத்தை மாறியதோ இல்லையோ, பதில் மாறியிருக்கும். சுகாதார நடத்தை மாற்றத் திட்டங்களில் கண்காணிப்பு, மதிப்பீட்டுக்குப் பொறுப்பேற்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். தடுப்பூசிப் பெட்டிகளை எண்ணுகிற திட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இங்கே நாம் பரப்புகிற செய்தியே நம் அளவுகோலை வளைத்துவிடுகிறது.

வேலை கேள்வித்தாளில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு வாக்கியத்தில் தொடங்குகிறது: யார், எதை, எப்போது, எவ்வளவு அடிக்கடி செய்ய வேண்டும்? "தாய்மார்களிடையே ஊட்டச்சத்துப் பழக்கங்களை மேம்படுத்துதல்" என்று திட்ட ஆவணத்தில் எழுதியிருக்கும். இதை யாராலும் அளக்க முடியாது. "6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு உணவு வகைகளில் குறைந்தது ஐந்து கிடைக்க வேண்டும்" என்றால் அளக்கலாம். இந்த ஒரு வாக்கியத்துக்காக நிகழ்ச்சிக் குழுவோடு இரண்டு நாள் உட்கார்ந்து வாதாடினாலும் தகும். பின்னால் மூன்று வருடம் மிச்சமாகும்.

ஒவ்வொரு குறிகாட்டிக்கும், அதாவது மாற்றத்தைக் காட்ட நாம் அளக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும், ஒரு விவரத்தாள் வேண்டும். தொகுதியில் (பின்னத்தின் மேல் எண்) யார், பகுதியில் (வகுக்கும் கீழ் எண்) யார், எந்தக் கேள்வியிலிருந்து வருகிறது, யார் திரட்டுகிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, எந்தப் பிரிவுகளாக உடைத்துக் காட்ட வேண்டும், இந்த எண்ணுக்கு என்னென்ன குறைபாடுகள் உண்டு. கடைசி வரியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். அது நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தாலே அந்தத் தாளை யோசித்து எழுதினார்களா, சம்பிரதாயத்துக்கு எழுதினார்களா என்று தெரிந்துவிடும்.

பிரச்சினை பெரும்பாலும் பகுதியில்தான், அந்தக் கீழ் எண்ணில்தான், ஒளிந்திருக்கும். கொசுவலையை எடுத்துக்கொள்ளுங்கள். "நேற்றிரவு மருந்திட்ட வலைக்குள் தூங்கியவர்கள் 40 சதவீதம்" என்ற எண் வந்தால் நிகழ்ச்சிக் குழு உடனே இன்னொரு பிரச்சாரத்துக்குத் திட்டம் போடும். ஆனால் இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற கணக்கில், வீட்டில் வலைக்குள் இடம் கிடைக்கக்கூடியவர்களே மக்களில் 45 சதவீதம்தான் என்றால்? பயன்பாட்டை வாய்ப்பால் வகுத்தால் 0.89. வலைக்குள் இடம் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதில்தான் தூங்குகிறார்கள். அங்கே குறை நடத்தையில் இல்லை, வலை போதவில்லை. இந்த விகிதம் 0.8-க்குக் கீழே இறங்கும்போதுதான் பேச்சும் பிரச்சாரமும் கைகொடுக்கும். வாய்ப்பைப் பார்க்காமல் நடத்தையை மட்டும் அளக்கிற திட்டம், கடையில் இல்லாத பொருளை வாங்கவில்லை என்று மக்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்.

தாய்ப்பால் மட்டும் கொடுப்பதை அளக்கிற குறிகாட்டியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முந்தைய நாள் முழுவதும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர் உட்பட, கொடுக்கவில்லை என்பதுதான் அளவு. மருந்து, சொட்டு வைட்டமின், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவை கணக்கில் வராது. ஒரு நாளை மட்டும் கேட்பதால், பிறந்ததிலிருந்து தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களின் உண்மையான பங்கைவிட இந்த எண் கூடுதலாகவே நிற்கும். அதோடு இது பிறந்த குழந்தை முதல் ஆறு மாதத்தைத் தொடப்போகும் குழந்தை வரை எல்லோரின் சராசரி. 60 சதவீதம் என்று வந்தால் "அறுபது சதவீதத் தாய்மார்கள் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறார்கள்" என்று அறிக்கையில் எழுதக்கூடாது. எழுதுகிறார்கள், அடிக்கடி.

வரையறையே நடுவழியில் மாறுவதும் உண்டு. குழந்தைகளின் குறைந்தபட்ச உணவுப் பன்மை முன்பு ஏழு வகையில் நான்கு என்றிருந்தது. 2017-இல் தாய்ப்பாலை எட்டாவது வகையாகச் சேர்த்து, எட்டில் ஐந்து ஆக்கினார்கள். தொடக்க அளவீட்டைப் பழைய கணக்கிலும் இறுதி அளவீட்டைப் புதிய கணக்கிலும் செய்தால் வரும் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு உணவு வகைக்குமான ஆம்-இல்லை பதில்களை மூலத் தரவில் தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டையும் ஒரே கணக்கில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கூட்டுத்தொகையை மட்டும் சேமித்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது மாற்றக் கோட்பாடு, அதாவது திட்டத்தின் வேலை எப்படி நடத்தை மாற்றமாக ஆகும் என்ற விளக்கம். அம்புக்குறிகளோடு அழகான படமாக முன்மொழிவில் இருக்கும். பிறகு யாரும் திறப்பதில்லை. அதை ஒரு சங்கிலியாக எழுதிப்பார்த்தால் பயன் தரும்: செய்தி போய்ச் சேர்ந்தது, நினைவில் நின்றது, புரிந்தது, தன்னால் முடியும் என்று தோன்றியது, சுற்றியிருப்பவர்கள் ஏற்பார்கள் என்று நம்பினார், தேவையான பொருள் கையில் இருந்தது, ஒருமுறை செய்துபார்த்தார், தொடர்ந்தார். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே ஒரு குறிகாட்டி போதும். திறன், வாய்ப்பு, உந்துதல் என்ற மூன்றில் எது குறைந்தால் நடத்தை நிகழாது என்று பார்க்கிற முறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. இறுதி எண் நகராதபோது எந்தக் கண்ணி அறுந்தது என்று காட்ட இந்தச் சங்கிலி வேண்டும். இல்லாவிட்டால் "மாற்றம் இல்லை" என்பதோடு அறிக்கை முடிந்துவிடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

எந்தக் கண்ணி முக்கியம் என்பதைத் தொடக்கத்திலேயே ஊகிக்காமல் கண்டுபிடிக்க, தடை ஆய்வு என்ற சின்ன முறை இருக்கிறது. நடத்தையைச் செய்கிறவர்கள் 45 பேர், செய்யாதவர்கள் 45 பேர். இருவரிடமும் ஒரே கேள்விகள். பதில்கள் எங்கே பெரிதாக வேறுபடுகின்றனவோ அங்கேதான் தடை. இது நூற்றுக்கு எத்தனை பேர் செய்கிறார்கள் என்று சொல்லாது. அதற்காகச் செய்யப்படுவதும் இல்லை. இதன் சதவீதங்களைத் தொடக்க அளவீடாகப் போட்டுவிடுவது வழக்கமான தவறு.

மாதிரியின் அளவு

"400 பேர் எடுத்தால் போதும்" என்று எங்கோ படித்ததை வைத்து முடிவெடுப்பவர்கள் அதிகம். ஒரு எண்ணை ஒருமுறை, ஏறத்தாழ 5 புள்ளி கூடுதல்-குறைவோடு அறிய எளிய சமவாய்ப்பு மாதிரியில் அது போதும். நமக்கு வேண்டியது இரண்டு சுற்றுகளுக்கு இடையேயான மாற்றம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடத்தை 30 சதவீதத்திலிருந்து 40-க்கு உயரும் என்று எதிர்பார்க்கிறோம். 5 சதவீத முக்கியத்துவ மட்டம் (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீதக் கண்டறியும் திறன் (உண்மையான மாற்றத்தைப் பிடிக்கும் வாய்ப்பு). ஒரு சுற்றுக்கு 356 பேர் வேண்டும். ஆனால் வீடுகளை ஊர் ஊராகக் கொத்துக் கொத்தாகத்தானே எடுக்கிறோம். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள், ஆகவே இருபது பேரிடம் கேட்டாலும் இருபது பேர் அளவுக்குத் தகவல் கிடைக்காது. இந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று வைத்து, கொத்துக்கு 20 பேர் எடுத்தால் வடிவமைப்பு விளைவு, அதாவது மாதிரியை எத்தனை மடங்காக்க வேண்டும் என்ற எண், 1 + 19 × 0.05 = 1.95. மாதிரி 695 ஆகிறது. பத்தில் ஒருவர் கிடைக்காமல் போவார் என்று சேர்த்தால் 772, அதாவது 39 கொத்துகள். அதையே கொத்துக்கு 10 பேர் என்று மாற்றினால் விளைவு 1.45-ஆக இறங்குகிறது; 574 நேர்காணல் போதும், ஆனால் 58 ஊர்களுக்குப் போக வேண்டும். நேர்காணல் மலிவா, பயணம் மலிவா என்பதைப் பொறுத்து முடிவெடுக்க வேண்டியது. இந்தக் கணக்கைச் செலவுத் தாளின் பக்கத்தில் வைத்துப் போட வேண்டும், புள்ளியியல் நூலின் பக்கத்தில் அல்ல.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி தகுதியானவர்களைத் தேடும்போது வரும். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 25 பிறப்பு என்றால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஆயிரத்துக்குச் சுமார் 12 பேர். வீட்டுக்கு ஐந்து பேர் என்று கொண்டால் நூறு வீட்டில் ஆறு குழந்தைதான் தேறும். 356 குழந்தைகளுக்கு ஆறாயிரம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் கொத்து விளைவைச் சேர்ப்பதற்கு முன்னால். முன்மொழிவு எழுதும்போதே இதைக் கணக்கிடாதவர்கள் களத்தில் இரண்டு வாரம் கழிந்த பிறகு, மாதிரியைப் பாதியாகக் குறைக்கலாமா என்று மின்னஞ்சல் எழுதுவார்கள். தேர்ந்தெடுத்த கொத்துகளில் முதலில் வீட்டுப் பட்டியல் எடுத்து, தகுதியான வீடுகளை மட்டும் குலுக்கித் தேர்வது ஒரு வழி. பிறப்புப் பதிவேட்டையோ சுகாதாரப் பணியாளரின் பட்டியலையோ வைத்துத் தேர்வது விரைவானது. ஆனால் சேவையை நாடாத குடும்பங்கள், அதாவது நமக்கு மிகவும் வேண்டியவர்கள், அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

தொடக்க அளவீட்டின் நேரமும் முக்கியம். மழைக்காலத்தில் தொடக்கமும் வறட்சியில் முடிவும் எடுத்தால் கொசுவலை, வயிற்றுப்போக்கு, உணவுப் பன்மை மூன்றிலும் பருவத்தைத்தான் அளந்திருப்போம். இரண்டு சுற்றும் ஒரே மாதங்களில் வர வேண்டும். தொடக்க அளவீடு தாமதமாகி, பிரச்சாரம் தொடங்கிய நான்காவது மாதத்தில் நடந்தால் அதைத் தொடக்கம் என்று அழைப்பதை நிறுத்திவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் ஒரே மரியாதையான வழி. இலக்கு எண்களையும் தொடக்க முடிவு வந்த பிறகே உறுதி செய்ய வேண்டும். முன்மொழிவில் 30-லிருந்து 60 என்று எழுதிவிட்டு, அளந்து பார்த்தால் ஏற்கெனவே 58 இருந்தது என்றால், எந்தப் பிரச்சாரமும் இல்லாமலே இலக்கு நிறைவேறிவிடும்.

கேள்வித்தாளும் கேட்பவரும்

பல நாடுகளில் நடக்கும் திட்டத்தில் ஒரே கேள்வி ஆறு மொழிக்குப் போகும். மொழிபெயர்ப்பு, வேறொருவர் மூலம் திரும்ப மொழிபெயர்ப்பு, பிறகு அறிவாய்வு நேர்காணல் என்று மூன்று கட்டம் வேண்டும். மூன்றாவதைத்தான் காசு மிச்சம் பிடிக்க வெட்டுகிறார்கள். ஐந்தாறு பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்பதுதான் அது. "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், நடுநிலை" என்று போகும் ஐந்து படி அளவுகோல் எழுத்துப் பழக்கமில்லாதவர்களிடம் வெறும் ஆம்-இல்லையாகச் சுருங்கிவிடுவது இங்கேதான் தெரியவரும். இரண்டு படியாக உடைத்து, முதலில் ஒப்புக்கொள்கிறீர்களா, பிறகு கொஞ்சமா மிகவுமா என்று கேட்டால் பதில் தெளிவாக வரும்.

கணக்கெடுப்பாளர் பயிற்சிக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் முழுவதும் களச் சோதனை, அதுவும் மாதிரியில் இல்லாத ஊரில். தேவையைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலான ஆட்களைப் பயிற்றுவித்து, தேர்வு வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. நடுவில் ஒருவர் விலகினாலும் வேலை நிற்காது.

ஓடிகே, கோபோ, சர்வே சிடிஓ போன்ற மென்பொருளில் கைக்கணினியில் எடுக்கும்போது தவறான தாவலும் விடுபட்ட பதிலும் குறையும். ஆனால் சோம்பலுக்குப் புதிய வழி பிறக்கும். "குழந்தை உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று தட்டினால் நாற்பது கேள்வி தாவிவிடும் என்பதைக் கணக்கெடுப்பாளர் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடுவார். குழந்தையின் வயதை ஐந்து மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குத் தள்ளிவிட்டால் ஒரு பிரிவு முழுவதும் மறையும். ஆகவே தினமும் மாலை, கணக்கெடுப்பாளர் வாரியாகச் சில எண்களைப் பார்க்க வேண்டும்: சராசரி நேர்காணல் நேரம், வீட்டுக்கு எத்தனை தகுதியானவர்கள், "தெரியாது" என்ற பதிலின் பங்கு, ஐந்து-ஆறு மாத வயதுகளின் பரவல். மற்றவர்களுக்கு 45 நிமிடம் ஆகும் நேர்காணலை ஒருவர் 12 நிமிடத்தில் முடித்தால் அவர் திறமைசாலி இல்லை. பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவரை அனுப்பி, ஒரு வாரத்தில் மாறிவிடாத நான்கைந்து கேள்விகளை மறுபடி கேட்டுப் பாருங்கள்: கடைக்குட்டியின் வயது, கழிப்பறை வகை, வீட்டில் எத்தனை பேர். கருத்துக் கேள்விகளை மறுசோதனைக்கு எடுக்காதீர்கள்; அவை நேர்மையாகவே மாறும்.

சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே

தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்கு முழுத் தீர்வு இல்லை. ஆனால் அடுக்கடுக்காகச் சில வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் விலை.

மிக மலிவானது கேள்வியைக் குறுக்குவது. "வழக்கமாக" என்ற சொல்லை நீக்கிவிட்டு "நேற்று", "கடைசியாக" என்று கேளுங்கள். கடைசி உறவில் ஆணுறை பயன்படுத்தினீர்களா, நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள் என்ற கேள்விகள் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். வழக்கத்தைக் கேட்டால் மனிதர் தன் நல்ல பிம்பத்தைச் சொல்வார். நேற்றைக் கேட்டால் நேற்றைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. கை கழுவுகிறீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக, கை கழுவும் இடத்தைக் காட்டச் சொல்லி அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று பதிவது. பெரிய பன்னாட்டு வீட்டுக் கணக்கெடுப்புகள் இந்த முறையைத்தான் கையாளுகின்றன. கழுவுகிறார்கள் என்பதற்கு இது சான்றாகாது. கழுவ முடியும் என்பதற்குத்தான் சான்று. அப்படியே அறிக்கையிலும் எழுத வேண்டும். சோப்பு எங்கே என்று கேட்டபின் பெட்டியிலிருந்து எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பதிவதும் நல்ல தகவல் தரும்.

அதற்கு மேலே, ஒரு வீட்டில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் அமர்ந்து, கழிப்பறைக்குப் போய்வருவது, குழந்தையைக் கழுவுவது, சமைக்கத் தொடங்குவது என ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் குறிப்பது. கேட்டு வாங்கும் எண்ணைவிட இந்த எண் மிகவும் கீழே இருக்கும். இதுவும் தூய உண்மை இல்லை. வங்கதேசத்தில் சோப்புக் கட்டிக்குள் அசைவு உணரியைப் பதித்துச் செய்த ஆய்வு ஒன்றில், பார்வையாளர் வீட்டில் இருந்த நாளில் சோப்பின் அசைவு மற்ற நாள்களைவிடக் கூடியது தெரியவந்தது. பார்ப்பவர் இருந்தால் பழக்கம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். முழு மாதிரிக்கும் இதைச் செய்யப் பணம் போதாது. நூறு, நூற்றைம்பது வீடுகளில் செய்து, கேட்டு வாங்கிய எண் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று மதிப்பிடப் பயன்படுத்தலாம். முக்கியமான கேள்வி வீக்கம் எவ்வளவு என்பதுகூட இல்லை. தொடக்கத்தில் இருந்த வீக்கமும் இறுதியில் இருக்கும் வீக்கமும் ஒன்றுதானா என்பது. பிரச்சாரம் அதைக் கூட்டியிருந்தால் நாம் "மாற்றம்" என்று எண்ணிக்கொண்டிருப்பது அதைத்தான்.

வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் நடத்தைகளுக்குப் பட்டியல் முறை இருக்கிறது. மாதிரியைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள். மறு பாதிக்கு அதே நான்கும், சொல்லத் தயங்கும் அந்த நடத்தையைப் பற்றிய ஒன்றும். எவை பொருந்துகின்றன என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டு சராசரிகளின் வித்தியாசமே அந்த நடத்தையின் பங்கு. அழகான முறைதான். ஆனால் துல்லியம் மிகவும் குறையும், மாதிரி பல மடங்கு பெருக வேண்டும். சின்னத் திட்டங்கள் இதைத் தொடாமல் இருப்பதே மேல்.

நம் செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று அளப்பதிலும் இதே நோய் உண்டு. முதலில் எதையும் நினைவூட்டாமல் கேட்க வேண்டும், பிறகு சின்னத்தைக் காட்டியோ இசைத் துணுக்கைப் போட்டோ கேட்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கூடவே ஒருபோதும் ஒலிபரப்பாகாத ஒரு பொய் வாசகத்தையும் பட்டியலில் சேருங்கள். "கேட்டிருக்கிறேன்" என்று அதற்கும் 15 சதவீதம் பேர் சொன்னால், மற்ற எண்களை எவ்வளவு நம்பலாம் என்று புரியும். இந்தக் கேள்விகள் எல்லாம் நடத்தைக் கேள்விகளுக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் வைத்தால் நாமே பதிலை ஊட்டிவிடுகிறோம்.

வழக்கமான கண்காணிப்பு

இரண்டு பெரிய அளவீடுகளுக்கு நடுவே இரண்டு மூன்று வருடம் ஓடும். அந்தக் காலத்தில் வரும் எண்களெல்லாம் கூட்டம் நடந்தது, ஆட்கள் வந்தார்கள் என்பவைதாம். இங்கே பெரிய ஏமாற்று, பெரும்பாலும் தெரியாமலே நடப்பது, தலையை இரண்டு முறை எண்ணுவது. 25 பேர் கொண்ட குழு ஆறு முறை கூடினால் வருகை 150, ஆட்கள் 25. மாதாந்திர அறிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் வருட முடிவில் மாவட்ட மக்கள்தொகையைத் தாண்டிய "பயனாளிகள்" கிடைப்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு அடையாள எண் கொடுப்பது, அல்லது முதல்முறை வருபவரைத் தனி நெடுவரிசையில் குறிப்பது என்று இரண்டில் ஒன்றைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். கூட்டத்தின் எண்ணிக்கையோடு தரமும் சேர வேண்டும்: உரையாடலா, உரையா? பங்கேற்றவர்கள் பேசினார்களா? ஏழெட்டு வரிகள் கொண்ட சரிபார்ப்புத் தாளோடு மேற்பார்வையாளர் முன்னறிவிப்பு இல்லாமல் மாதம் இரண்டு கூட்டத்துக்குப் போனால் போதும்.

தரவுத் தரச் சோதனையை வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். மூலப் பதிவேட்டிலிருந்து மறுபடி எண்ணி, அறிக்கையில் சொன்ன எண்ணால் வகுப்பது. 0.9-க்கும் 1.1-க்கும் இடையே வந்தால் பொதுவாக ஏற்பார்கள். 0.7 என்றால் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். திட்டுவதற்கு முன்னால் படிவத்தைப் பாருங்கள்: இலக்கை எட்டாத குழுவுக்கு அடுத்த காலாண்டு நிதி நிற்கும் என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள்.

ஊர்ப் பகுதி அளவில் விரைவாக நிலவரம் அறிய 19 பேர் மாதிரி முறை கைகொடுக்கும். ஒரு மேற்பார்வைப் பகுதியில் 19 பேரைச் சமவாய்ப்பில் தேர்ந்து கேட்கிறோம். இலக்கு 80 சதவீதம் என்றால் குறைந்தது 13 பேர் செய்கிறவர்களாக இருக்க வேண்டும். 50 சதவீதம் என்றால் 7. எட்டினால் அந்தப் பகுதி தேர்ச்சி, எட்டாவிட்டால் அங்கே முதலில் போக வேண்டும். "13-ஐ 19-ஆல் வகுத்தால் 68 சதவீதம்" என்று பகுதி வாரியாகச் சதவீதம் போட்டு வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது இந்த முறைக்குச் செய்யும் துரோகம். ஐந்து பகுதிகளின் 95 பேரைச் சேர்த்து, பகுதிகளின் மக்கள்தொகைக்கு ஏற்ப எடையிட்டால் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 10 புள்ளி கூடுதல்-குறைவோடு ஒரு சதவீதம் கிடைக்கும். அதற்கு அதுபோதும்.

திட்டத்தால்தான் மாறியதா என்ற கேள்வி கடைசியில் கட்டாயம் வரும். திட்டப் பகுதியில் 30-லிருந்து 46, ஒப்பீட்டுப் பகுதியில் 28-லிருந்து 38 என்றால் திட்டத்தின் பங்கு 16 இல்லை, 6. ஒப்பீட்டுப் பகுதியே இல்லாத திட்டம் அந்த 16-ஐயும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஆனால் இந்த இரட்டை வித்தியாசத்தை அளக்கும்போது துல்லியம் குறைகிறது. 10 புள்ளி இரட்டை வித்தியாசத்தைக் காண முன்பு சொன்ன 356 போதாது. நான்கு அறைகளிலும் (இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று) தலா ஏறத்தாழ 710 வேண்டும், கொத்து விளைவுக்கு முன்னால். 6 புள்ளியைக் காண இன்னும் பெருகும். நாடு முழுவதும் கேட்கும் வானொலிப் பிரச்சாரத்துக்கு ஒப்பீட்டுப் பகுதியே கிடைக்காது. அங்கே கட்டம் கட்டமாகத் தொடங்குவது, ஒலிபரப்பு எட்டாத பகுதிகளைப் பயன்படுத்துவது, அதிகம் கேட்டவர்-குறைவாகக் கேட்டவர் என்று ஒப்பிடுவது என்று வழி தேட வேண்டும். கடைசி வழியில் ஒரு குழி: வானொலி வைத்திருப்பவர் கொஞ்சம் வசதியானவர், படித்தவர், எப்படியும் நல்ல பழக்கத்துக்கு நெருக்கமானவர். வசதி, கல்வி, வசிப்பிடத்தைச் சமன்படுத்தாமல் ஒப்பிட்டால் பிரச்சாரத்துக்குக் கிடைக்கும் புகழில் பாதி வானொலிப் பெட்டியுடையது.

நிர்வாகப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தப் பணிக்குத் திட்டச் செலவில் 5 முதல் 10 சதவீதம் ஒதுக்குவது பரவலான வழக்கம். நடத்தையைக் கண்ணால் பார்த்து அளக்கப்போகிறீர்கள் என்றால் மேல் நுனியைக் கேளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி, மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே கேள்வித்தாள் முடியும் வரை காத்திராமல் வரைவோடு தொடங்க வேண்டும். நாட்டுக் குழுக்களுக்குப் பொதுக் குறிகாட்டிகள் ஏழெட்டு போதும், மீதியை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். நாற்பது பொதுக் குறிகாட்டி வைத்த திட்டத்தில் நாற்பதும் நிரப்பப்படும், எதுவும் படிக்கப்படாது.

படிக்க வைப்பதற்கு டாஷ்போர்டைவிடக் காலாண்டுக்கு ஒருமுறை மூன்று மணி நேரக் கூட்டம் வேலை செய்யும். நிகழ்ச்சிக் குழு எதிரே இருக்க வேண்டும், ஐந்து எண்களுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒவ்வொரு எண்ணையும் காட்டுவதற்கு முன்னால் எவ்வளவு இருக்கும் என்று எல்லோரையும் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். ஊகமும் எண்ணும் விலகும் இடத்தில் பேச்சு தானாகத் தொடங்கும். கூட்டக் குறிப்பில் முடிவு, பொறுப்பாளர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திட்டம் முடியும்போது ஒப்படைக்க வேண்டிய கோப்புறையை முதல் மாதத்திலேயே திறந்து வையுங்கள். கேள்வித்தாளின் ஒவ்வொரு பதிப்பும், எந்தத் தேதியில் எந்தக் கேள்வி மாறியது என்ற பதிவும், மூலத் தரவும், திருத்திய தரவும், திருத்திய நிரலும், மாறிகளின் அகராதியும் அதில் சேர வேண்டும். அடையாளம் நீக்கும்போது பெயர், தொலைபேசி எண்ணோடு சேர்த்துக் கொத்து எண், அடுக்கு (மாதிரி எடுக்கும்போது பிரித்த பிரிவு), எடை (ஒரு பதில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்) ஆகிய மூன்று நெடுவரிசைகளையும் அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை போனால் அந்தத் தரவிலிருந்து யாராலும் சரியான பிழை எல்லையைப் போட முடியாது. கொத்து எண்ணை வேறொரு குலுக்கல் எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎஸ் புள்ளிகளை அப்படியே தரக்கூடாது. பன்னாட்டு மக்கள்தொகை-சுகாதாரக் கணக்கெடுப்புகளில் செய்வதுபோல நகரக் கொத்துகளை 2 கிலோமீட்டர் வரையும் கிராமக் கொத்துகளை 5 கிலோமீட்டர் வரையும் தற்செயலாக நகர்த்திக் கொடுக்கலாம். எவ்வளவு நகர்த்தலாம் என்ற விதியை அகராதியில் எழுதுங்கள். எந்தப் புள்ளி எங்கே போனது என்பதை மட்டும் எழுதாதீர்கள்.